அரசின் அளவு: நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகிறது?

அரசின் அளவு என்பது ஒரு நாட்டின் பொருளாதாரத்தில் எவ்வளவு பங்கு அரசின் கை வழியாகச் செல்கிறது என்பதைக் குறிக்கும் பொருளியல் கருத்தாகும். மத்திய அரசு, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள், சமூகக் காப்பீட்டு நிதியங்கள் ஆகிய அனைத்தின் செலவையும் கூட்டி, அதை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் விழுக்காடாகச் சொல்வதே இதை அளக்கும் வழக்கமான முறை. இவ்வாறு கணக்கிட்டால் பிரான்சில் அரசுச் செலவு உற்பத்தியில் சுமார் 57 விழுக்காடாக இருக்கிறது. அமெரிக்காவில் அது 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்தியாவில் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து 30 விழுக்காட்டை ஒட்டிச் செலவிடுகின்றன. சிங்கப்பூரில் 20 விழுக்காட்டுக்கும் கீழ்.

பிரான்சும் சிங்கப்பூரும் ஏழை நாடுகள் அல்ல. இரண்டிலும் சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நன்றாகவே இயங்குகின்றன. அப்படியிருக்க இந்த அளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மக்களின் கொள்கை விருப்பம், இடதுசாரி வலதுசாரிக் கட்சிகளின் வெற்றி தோல்வி ஆகியவை மட்டுமே காரணம் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. பொருளியலாளர்கள் ஒன்றரை நூற்றாண்டாக முன்வைத்துள்ள விளக்கங்களைப் பார்த்தால், அரசிடம் மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு இணையாக, அரசால் எதைக் கண்டு வரி விதிக்க முடிகிறது என்பதும் முக்கியம் என்று தெரிகிறது. பாடநூல்கள் முதல் பகுதியை விரிவாகவும் இரண்டாவதைச் சுருக்கமாகவும் சொல்கின்றன. இலங்கையின் அண்மைக்கால வரலாறு இரண்டாவதன் கனத்தை உணர்த்துகிறது. அது கட்டுரையின் இறுதிப் பகுதியில் பேசப்படுகிறது.

அளவீட்டில் உள்ள சிக்கல்கள்

காரணங்களைத் தேடுவதற்கு முன் எண்களையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதிக்குப் பணம் பிடிக்கப்படுகிறது. 55 வயதுக்கு உட்பட்ட ஊழியர் தம் சம்பளத்தில் 20 விழுக்காட்டையும், முதலாளி அதற்கு மேல் 17 விழுக்காட்டையும் கட்ட வேண்டும் (ஒரு சம்பள உச்சவரம்பு வரை). இது சட்டப்படி கட்டாயம். ஆனால் அந்தப் பணம் அவரவர் பெயரில் தனிக் கணக்கில் சேர்வதால் அது வரியாகக் கணக்கில் வருவதில்லை. அதிலிருந்து வீட்டுக்கும் முதுமைக்கும் செலவாவது அரசுச் செலவாகவும் கணக்கில் வருவதில்லை. இதையே பிரான்சு சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பாக வாங்கி ஓய்வூதியமாகத் திருப்பிக் கொடுக்கிறது. அது அரசின் கணக்கில் முழுமையாக ஏறுகிறது. சம்பளக்காரரின் பார்வையில் இரண்டுமே மாதச் சம்பளத்தில் பிடித்தம்தான். சுவிட்சர்லாந்தில் மருத்துவக் காப்பீடு எடுப்பது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். கட்டணம் தனியார் நிறுவனங்களுக்குப் போவதால் அந்நாட்டு அரசு தாளில் சிறியதாகத் தெரிகிறது.

வகுக்கும் எண்ணும் ஏமாற்றும். அயர்லாந்தில் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் இலாபத்தைப் பதிவு செய்வதால் அதன் உள்நாட்டு உற்பத்தி உண்மை நிலையைவிடப் பெருத்துத் தெரிகிறது; எனவே அரசின் பங்கு குறைந்து தெரிகிறது. நைஜீரியா 2014 இல் தன் உற்பத்திக் கணக்கைப் புதிய அடிப்படையாண்டுக்கு மாற்றியபோது பொருளாதாரம் ஒரே நாளில் ஏறத்தாழ இரு மடங்கானது. வசூலான வரியில் ஒரு நைராகூடக் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் வரிக்கும் உற்பத்திக்குமான விகிதம் பாதியளவாகச் சரிந்தது.

அரசுச் செலவில் இரண்டு வகை இருப்பதையும் கவனிக்க வேண்டும். ஆசிரியர், செவிலியர், காவலர் சம்பளம், பாலம், பள்ளிக் கட்டடம் போன்றவற்றில் அரசே பொருளையும் உழைப்பையும் வாங்குகிறது. ஓய்வூதியம், உதவித்தொகை போன்றவற்றில் ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறது. சப்பானில் வேலை செய்வோரில் சுமார் 5 விழுக்காட்டினரே அரசு ஊழியர்கள். சுவீடன், நோர்வே நாடுகளில் இது 30 விழுக்காட்டை ஒட்டியுள்ளது. ஆனால் சப்பானின் அரசுச் செலவு உற்பத்தியில் 40 விழுக்காட்டளவு. அங்கே 65 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் பத்தில் மூன்று பங்கை நெருங்கிவிட்டதால், பணம் ஊழியர் சம்பளமாக அல்லாமல் ஓய்வூதியமாகவும் மருத்துவச் செலவாகவும் போகிறது. ஆகவே ‘பெரிய அரசு’ என்றவுடன் கோப்புகளும் குமாஸ்தாக்களும் நிறைந்த அலுவலகத்தை மனத்தில் கொண்டுவருவது தவறான படம்.

வாக்னர் விதி

இத்துறையின் முதல் விளக்கத்தைத் தந்தவர் செருமானியப் பொருளியலாளர் அடால்ஃப் வாக்னர் (1835–1917). நாடு தொழில்மயமாகி வளம் பெறும்போது அரசின் பங்கும் கூடும் என்றார் அவர். நகரங்கள் பெருகினால் காவல், சுகாதாரம், ஒழுங்குமுறை தேவை. தொழில்கள் பெருகினால் கல்வியும் இரயில் பாதையும் தேவை. வயிறு நிறைந்த பின் மக்கள் பண்பாட்டையும் நலத்திட்டங்களையும் கேட்பார்கள். அவர் எழுதிய காலத்திலேயே பிசுமார்க் செருமனியில் நோய்க் காப்பீடு (1883), விபத்துக் காப்பீடு (1884), முதுமைக் காப்பீடு (1889) ஆகியவற்றைக் கொண்டுவந்தார்.

நீண்டகாலப் போக்கு வாக்னரின் பக்கமே உள்ளது. இன்றைய செல்வ நாடுகளில் 1870 வாக்கில் அரசுச் செலவு உற்பத்தியில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு அளவே இருந்தது. இன்று அது 40 விழுக்காட்டுக்கு மேல். உலக நாடுகளை ஒரே ஆண்டில் வரிசைப்படுத்தினாலும் ஏழை நாடுகளில் அரசு சிறியதாகவும் செல்வ நாடுகளில் பெரியதாகவும் இருப்பதைக் காணலாம். ஆனால் செல்வ நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் விதி வலுவிழக்கிறது. அமெரிக்கர் சராசரியாகப் பிரெஞ்சுக்காரரைவிட வசதி படைத்தவர். அவருடைய அரசு சிறியது. சுவீடனில் 1960 இல் சுமார் 31 விழுக்காடாக இருந்த அரசுச் செலவு, 1990களின் தொடக்க நெருக்கடியில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டது. அதன்பின் ஓய்வூதியச் சீர்திருத்தம், செலவுக்கு உச்சவரம்பு ஆகியவற்றால் பாதியளவுக்கு இறங்கியது. இந்த இறக்கக் காலத்தில் சுவீடன் ஏழையாகவில்லை, முன்னைவிட வளமானது.

வாக்னரின் விளக்கத்தோடு அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் பாமோலின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. 1960களில் அவர் காட்டியது எளிமையானது. ஒரு கார் செய்ய ஆகும் நேரம் ஆண்டுக்காண்டு குறைகிறது. நான்கு பேர் வாசிக்கும் ஓர் இசைப்படைப்பை வாசிக்க ஆகும் நேரமும் ஆட்களும் இருநூறு ஆண்டுக்கு முன் எவ்வளவோ, இன்றும் அவ்வளவே. ஆனால் கார்த் தொழிலாளியின் கூலி ஏறும்போது இசைக்கலைஞரின் கூலியும் ஏறியாக வேண்டும்; இல்லையெனில் யாரும் வயலின் பழக மாட்டார்கள். ஆசிரியர், செவிலியர், காவலர் வேலையும் இதே இனத்தைச் சேர்ந்தது. அரசு செய்யும் வேலைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டது என்பதால், கூடுதலாக எதையும் செய்யாமலே அதன் செலவுப் பங்கு ஏறிக்கொண்டிருக்கும்.

போர்

1961 இல் ஆலன் பீகாக், சாக் வைசுமன் என்ற இருவர் பிரித்தானியாவின் பொதுச் செலவு வரலாற்றை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். செலவு சீராக ஏறவில்லை, படிக்கட்டு போல ஏறியுள்ளது என்பது அவர்கள் கண்டது. அமைதிக்காலத்தில் மக்கள் பொறுக்காத வரியைப் போர்க்காலத்தில் பொறுக்கிறார்கள். போர் முடிந்ததும் செலவு குறைகிறது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. பிரித்தானியாவில் முதல் உலகப் போருக்கு முன் சுமார் 13 விழுக்காடாக இருந்த செலவு, போருக்குப் பின் அதைப்போல் இரு மடங்கு உயரத்தில் நிலைகொண்டது.

போர் விட்டுச் செல்வது செலவுப் பழக்கம் மட்டுமல்ல, வசூல் இயந்திரமும்தான். பிரித்தானியாவில் வருமான வரி 1799 இல் பிரான்சுடனான போருக்காகக் கொண்டுவரப்பட்டு, போர் முடிந்ததும் 1816 இல் நீக்கப்பட்டு, 1842 இல் அமைதிக்காலத்தில் மீண்டும் வந்தது. அமெரிக்காவில் 1939 இல் வருமான வரி கட்டியவர்கள் சுமார் 40 இலட்சம் பேர். 1945 இல் நான்கு கோடிக்கு மேல். இதைச் சாத்தியமாக்கியது 1943 இல் வந்த ஒரு மாற்றம்: வரியைத் தொழிலாளியிடம் ஆண்டு முடிவில் கேட்பதற்குப் பதில், சம்பளம் கொடுக்கும்போதே முதலாளி பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டுவது. அந்த ஏற்பாட்டை வடிவமைத்த கருவூலத் துறை அலுவலர்களில் இளைஞர் மில்டன் ஃபிரீட்மனும் ஒருவர். பிற்காலத்தில் சிறிய அரசின் உலகப் புகழ்பெற்ற ஆதரவாளராக விளங்கிய அவர், அந்த ஏற்பாடு இல்லாமல் போனால் நல்லது என்று சொல்லி வருந்தும்படி ஆயிற்று.

எனினும் போர் இருந்தால்தான் அரசு பெருக்கும் என்று சொல்ல முடியாது. சுவீடன் இரு உலகப் போர்களிலும் நடுநிலை வகித்தது. பின்னர் உலகின் மிகப் பெரிய அரசுகளுள் ஒன்றைக் கட்டியது. அதேபோல் நடுநிலை வகித்த சுவிட்சர்லாந்தின் அரசு இன்றும் ஐரோப்பிய அளவில் சிறியது.

வணிகத் திறப்பும் நாட்டின் பருமனும்

வெளிநாட்டு வணிகத்துக்குத் தன்னைத் திறந்துவிடும் நாட்டில் அரசு சுருங்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். 1978 இல் டேவிட் கேமரனும், அதை விரிவுபடுத்தி 1998 இல் டானி ராட்ரிக்கும் இதற்கு நேர்மாறான தொடர்பைக் கண்டனர்: ஏற்றுமதி இறக்குமதி அதிகமுள்ள நாடுகளில் அரசு பெரிதாக இருக்கிறது. ராட்ரிக்கின் விளக்கம் காப்பீடு சார்ந்தது. டென்மார்க், நெதர்லாந்து போன்ற நாடுகளின் வேலைவாய்ப்பு எங்கோ தொலைவில் நடக்கும் விலைச்சரிவால் ஆட்டம் காணும். அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளத் தொழிலாளர்கள் சம்மதிக்க வேண்டுமானால், வேலை போனால் தாங்கிப் பிடிக்க ஓர் அரசு வேண்டும்.

அதே 1998 இல் ஆல்பர்ட்டோ அலெசினாவும் ரொமெய்ன் வாசியார்க்கும் வேறொரு வழியில் இதை அணுகினர். சிறிய நாடுகள் இயல்பாகவே வணிகத்தை அதிகம் நம்பியிருக்கும். ஒரு நாடாளுமன்றம், ஓர் உச்ச நீதிமன்றம், தூதரகங்கள், மைய வங்கி ஆகியவற்றின் செலவு மக்கள்தொகைக்கு ஏற்பச் சுருங்காது. ஐந்து இலட்சம் பேருக்கும் அவை வேண்டும், ஐந்து கோடிப் பேருக்கும் வேண்டும். ஆக, வணிகமும் பெரிய அரசும் சேர்ந்து காணப்படுவதற்குச் சிறிய பருமனே பொதுக் காரணமாக இருக்கலாம். இதன் உச்ச எடுத்துக்காட்டுகள் பசிபிக் தீவுகளில் உள்ளன. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் துவாலு நாட்டில் சில ஆண்டுகளில் அரசுச் செலவு நாட்டின் உற்பத்திக்கு ஏறத்தாழ ஈடாகவே இருந்திருக்கிறது. மீன்பிடி உரிமக் கட்டணம், வெளிநாட்டு உதவி, ‘டிவி’ என்று முடியும் தன் இணைய முகவரிகளை வாடகைக்கு விடுவது ஆகியவை அதற்குப் பணம் தருகின்றன.

சிங்கப்பூரும் ஆங்காங்கும் இரண்டு கோட்பாடுகளுக்கும் இடறல்: மிகச் சிறியவை, மிகத் திறந்தவை, அரசுச் செலவோ குறைவு. மேலே சொன்ன சேமநிதிக் கணக்கைக் கொண்டு சிங்கப்பூரை ஓரளவு விளக்கலாம். முழுமையாக விளக்க முடியாது.

வாக்குரிமையும் ஒற்றுமையுணர்வும்

ஆலன் மெல்ட்சர், சுகாட் ரிச்சர்டு ஆகியோர் 1981 இல் வெளியிட்ட மாதிரி அரசியல் பொருளியலில் புகழ்பெற்றது. வாக்காளர்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் விருப்பமே தேர்தலில் வெல்லும். அவர் வருமானம் சராசரியைவிட எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு அவர் வரியையும் பகிர்வையும் விரும்புவார். எனவே ஏற்றத்தாழ்வு மிக்க சனநாயகங்களில் அரசு பெரியதாக இருக்க வேண்டும். நடப்பு பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். ஏற்றத்தாழ்வு குறைந்த வட ஐரோப்பாவில்தான் பகிர்வு அதிகம். ஏற்றத்தாழ்வு மிகுந்த இலத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் பகிர்வு குறைவு. பொருளியல் வரலாற்றாசிரியர் பீட்டர் லிண்டர்ட் இதை ‘ராபின் ஊட் முரண்’ என்று அழைத்தார். மாதிரியின் முதல் பாதிக்கு மட்டும் வரலாற்று ஆதரவு உண்டு: சொத்துடையவர்களிடமிருந்து தொழிலாளர்களுக்கும், பின்னர் பெண்களுக்கும் வாக்குரிமை விரிந்த இடங்களில் நலச்செலவும் விரிந்தது.

அமெரிக்க அரசு ஏன் ஐரோப்பிய அரசுகளைவிடச் சிறியது என்ற கேள்விக்கு, அலெசினா, எட்வர்டு கிளேசர், புரூசு சாசர்டோட் மூவரும் 2001 இல் தந்த விடையில் இனப்பிளவு முக்கிய இடம் பெற்றது. உதவி பெறுபவர் தம்மைப் போன்றவர் அல்லர் என்று நினைக்கும் வாக்காளர் உதவியைக் குறைக்கச் சொல்கிறார் என்பது வாதம். 1935 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கி வைத்தது. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் அப்போது இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தனர். விலக்குக்கு இனவெறுப்பு காரணமா, நிர்வாகச் சிரமம் காரணமா என்பதில் வரலாற்றாய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பன்மை மிக்க நாட்டில் அரசு சிறியதாகத்தான் இருக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. கனடாவும் பெல்சியமும் அதற்கு எதிர்ச்சான்றுகள்.

விகிதாசாரப் பிரதிநிதித்துவம் உள்ள நாடுகளில் செலவு அதிகம், அதிபர் ஆட்சி முறையில் குறைவு என்று டோர்ஸ்டன் பெர்சன், கைடோ தபெல்லினி ஆகியோர் காட்டிய தொடர்பும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஐரோப்பிய நாடுகளே பெரும்பாலும் விகிதாசார முறையைக் கொண்டிருப்பதால், தேர்தல் முறை காரணமா, ஐரோப்பிய வரலாறு காரணமா என்று பிரித்தறிவது கடினம்.

கண்ணில் படும் வருமானம்

மேற்கண்ட விளக்கங்கள் யாவும் மக்கள் எவ்வளவு அரசை விரும்புகிறார்கள் அல்லது பொறுக்கிறார்கள் என்பதைப் பற்றியவை. விரும்பினாலும் பணம் வர வேண்டுமே. எந்த அரசும் தன்னால் காண முடிந்ததற்கே வரி போட முடியும். பழைய அரசுகள் நிலத்துக்கும் துறைமுகத்துக்கும் வரி போட்டதற்குக் காரணம் அவற்றை ஒளித்துவைக்க முடியாது என்பதே. பிரித்தானிய இந்திய அரசு நிலவரியை முதன்மையாகவும் உப்பு வரியைத் துணையாகவும் நம்பியது. உப்பு விளையும் இடம் சில; வாங்குபவர் எல்லோரும். சில உப்பளங்களைக் காவல் காத்தால் கோடிக்கணக்கானோரிடம் வரி வாங்கியதாக ஆகிவிடும். அந்த வரியின் கொடுமையும் எளிமையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

நவீன அரசின் வருவாய் வேறோர் இடத்திலிருந்து வருகிறது: கணக்கு எழுதும் நிறுவனங்களிடமிருந்து. பெரிய நிறுவனம் தன் சொந்தத் தேவைக்காகவே சம்பளப் பட்டியல் வைத்திருக்கும். ஊழியரின் வருமானம் அங்கே எழுதப்பட்டிருப்பதால் அதை மறைக்க முதலாளி, ஊழியர், கணக்கர் அனைவரும் கூட்டுச் சேர வேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் அது நடவாத காரியம். டென்மார்க்கில் என்றிக் கிளெவனும் அவருடன் சேர்ந்தவர்களும் வரித்துறையின் ஒத்துழைப்புடன் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதலாளியோ வங்கியோ வரித்துறைக்கு நேரே தெரிவிக்கும் வருமானத்தில் ஏய்ப்பு ஏறக்குறைய இல்லை. தாமே சொல்ல வேண்டிய வருமானத்தில் ஏய்ப்பு கணிசமாக இருந்தது. நேர்மைக்குப் பெயர்போன நாட்டிலேயே இந்த நிலை. டேனியர்கள் வரி கட்டுவது அவர்கள் நல்லவர்கள் என்பதால் மட்டும் அல்ல, அவர்களுடைய வருமானத்தில் பெரும்பகுதி இன்னொருவர் கணக்கில் எழுதப்பட்டிருப்பதாலும்தான்.

மதிப்புக் கூட்டு வரியும் (இலங்கையில் பெறுமதி சேர் வரி) இதே தத்துவத்தில் இயங்குகிறது. 1954 இல் மொரீசு லோரே என்ற அதிகாரியின் முயற்சியால் பிரான்சில் தொடங்கிய இவ்வரி இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளது. செல்வ நாடுகளில் அமெரிக்கா மட்டும் குறிப்பிடத்தக்க விலக்கு. ஒரு பனியன் நிறுவனம் 100 ரூபாய் நூலை 10 ரூபாய் வரியோடு வாங்கி, 300 ரூபாய்க்குத் துணியாக விற்று 30 ரூபாய் வரி வாங்குகிறது என்று கொள்வோம். நூல் வாங்கிய ரசீதைக் காட்டினால் 10 ரூபாயைக் கழித்துக்கொண்டு 20 ரூபாய் கட்டினால் போதும். ஆகவே நூல் விற்றவரிடம் ரசீது கேட்பது வாங்குபவரின் நலன் ஆகிறது. ஒவ்வொரு வியாபாரியும் தனக்கு முன்னால் உள்ளவரைக் கண்காணிக்கிறார். இச்சங்கிலி அறுவது கடைசிக் கண்ணியில்: வீட்டுக்கு வாங்குபவருக்குக் கழிக்க ஒன்றுமில்லை. ‘பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை’ என்ற பேச்சு கடைவீதியில் மட்டும் கேட்பதற்குக் காரணம் இதுவே.

இங்கிருந்து பார்த்தால் வாக்னரின் விதி வேறு பொருள் தருகிறது. நாடு வளரும்போது மக்கள் வயலிலிருந்தும் சிறு கடையிலிருந்தும் பெரிய நிறுவனங்களுக்கு நகர்கிறார்கள். வருமானம் பதிவேடுகளில் ஏறுகிறது. அரசால் அதைக் காண முடிகிறது. இந்தியாவில் வேலை செய்வோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். விவசாய வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலங்களுடையது. பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. நாட்டின் மொத்த வரி வருவாய் உற்பத்தியில் 17, 18 விழுக்காட்டில் நிற்பதற்கு இவை முக்கியக் காரணங்கள். பொது மருத்துவமனைக்கு ஏன் பிரான்சைப் போலச் செலவிடக்கூடாது என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். ஆனால் பிரான்சில் கேட்பு மட்டும் அதிகமில்லை, சம்பளப் பட்டியலும் அதிகம்.

எண்ணெய் நாடுகள் இவ்விதிக்கு வெளியே நிற்கின்றன. எண்ணெய்க் கிணறும் உப்பளம் போல ஒரே இடத்தில் இருப்பது. மக்களின் வருமானத்தைக் காணாமலே அரசு பெரிதாகிவிடலாம்.

இலங்கை: வளர்ந்தபடியே சுருங்கிய அரசு

காணும் திறன் தானாக வளர்வதில்லை, இருப்பதையும் இழக்கலாம் என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 1990 இல் அந்நாட்டின் தலா வருமானம் ஆண்டுக்கு 500 அமெரிக்க டாலருக்கும் குறைவு. அரசு வருவாய் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. 2018 வாக்கில் தலா வருமானம் 4,000 டாலர் அளவுக்கு உயர்ந்திருந்தது. வருவாய்ப் பங்கோ 13 விழுக்காட்டளவுக்கு இறங்கியிருந்தது. வாக்னர் சொன்னதற்கு நேரெதிர். இறக்குமதித் தீர்வைகள் குறைக்கப்பட்டபோது அவற்றின் இடத்தை நிரப்பப் போதிய உள்நாட்டு வரி வரவில்லை. முதலீட்டை ஈர்ப்பதற்கென வழங்கப்பட்ட வரி விடுமுறைகளும் பெறுமதி சேர் வரியில் தரப்பட்ட விலக்குகளும் ஆண்டுதோறும் பெருகின. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், பெரும் அரச ஊழியர் படை, போர்ச் செலவு ஆகியவை நீடித்தன. இடைவெளியைக் கடன் நிரப்பியது.

2019 நவம்பர் அதிபர் தேர்தலுக்குப் பின் அமைந்த அரசு வரிகளை ஒரேயடியாகக் குறைத்தது. பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய விற்பனை வரம்பு ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபாயிலிருந்து 30 கோடி ரூபாயாக உயர்ந்தது. இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றம் நீண்டகால நோக்கில் இவற்றைவிடக் கேடானது எனலாம்: சம்பளத்திலிருந்து முதலாளி வரியைப் பிடித்துக் கட்டும் உழைக்கும்போதே செலுத்தும் வரி முறையும், வட்டி போன்றவற்றிலிருந்து பிடித்து வைக்கும் வரியும் கைவிடப்பட்டன. வரி வீதத்தைக் குறைத்தால் மறுபடி கூட்டிக்கொள்ளலாம். பிடித்தம் செய்யும் ஏற்பாட்டை அகற்றினால் அரசு தன் கண்ணையே கட்டிக்கொண்டதாகும். பதிவு செய்த வரி செலுத்துநர் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது.

அடுத்த ஆண்டே கொரோனாப் பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டது. 2021 இல் அரசு வருவாய் உற்பத்தியில் சுமார் 8 விழுக்காடு. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களுள் ஒன்று. அந்த வருவாயிலும் பத்தில் ஏழு பங்கு வட்டிக்கே போயிற்று. கடன் தர மதிப்பீடு வீழ்ந்து பன்னாட்டுச் சந்தையில் புதுக் கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் தவணைகளைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பல நாள் வரிசையில் நின்றவர்களுக்கு, அரசின் அளவு என்பது பாடநூல் தலைப்பாக இருக்கவில்லை. வெளிநாட்டு நாணயப் பற்றாக்குறைக்கு வேறு காரணங்களும் உண்டு: சுற்றுலா வீழ்ச்சி, நாணய மாற்று வீதத்தைப் பிடித்துவைத்தது, உரத் தடை. ஆனால் வருவாய் இல்லாத அரசுக்கு அவற்றைத் தாங்கும் இடைவெளி இருக்கவில்லை.

அதன்பின் வந்த மீட்பும் இதே பாதையில் திரும்பி நடந்தது. பெறுமதி சேர் வரி படிப்படியாக உயர்ந்து 2024 சனவரியில் 18 விழுக்காடானது. அதற்குப் பதியும் வரம்பு மீண்டும் இறக்கப்பட்டது. சம்பளத்தில் வரி பிடிக்கும் முறை 2023 தொடக்கத்தில் கட்டாயமாகத் திரும்பியது. 18 வயது நிறைந்தோர் வரி அடையாள எண் பெற வேண்டும் என்ற விதி வந்தது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தபோது முன்வைத்த நிபந்தனைகளில் வருவாய் உயர்வே முதன்மையானது. 2024 இல் வருவாய் உற்பத்தியில் 13 விழுக்காட்டைத் தாண்டியது. சம்பளத்தில் பிடித்தம் திரும்பியபோது மருத்துவர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் உள்ளிட்ட தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அவர்களின் வாதத்தில் ஒரு பகுதி மறுக்க முடியாதது: வருமானம் கண்ணில் படுகிறவர்களிடமிருந்தே அரசு வாங்குகிறது, படாதவர்களை விட்டுவிடுகிறது.